ஏலகிரியில் 12 பேருக்கு ஒரு வீடு: அட்வான்ஸ் போடுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறீர்கள். டிசம்பர் கடைசியில், பிள்ளைகளின் அரையாண்டு விடுமுறையில், ஏலகிரியில் ஒரு தனி வீடு எடுத்து இரண்டு இரவு தங்க வேண்டும். மொத்தம் 12 பேர்: முழங்கால் வலியுள்ள மாமியார், எழுபது தாண்டிய அப்பா, ஐந்து வயதுக்குள் இரண்டு குழந்தைகள், பெங்களூரிலிருந்து அக்கா குடும்பம், அமெரிக்காவிலிருந்து வரும் தம்பி குடும்பம். இன்ஸ்டாகிராமில் நீச்சல் குளத்தோடு ஒரு வில்லா பார்த்தீர்கள், "இன்னும் மூணு பார்ட்டி கேட்கிறாங்க, இன்னைக்குள்ள பாதி ஜிபே பண்ணினா பிளாக் பண்ணிடறேன்" என்கிறார்கள். போடலாமா, இல்லை வேறு எப்படித் தேடுவது?

இன்றைக்குப் போடாதீர்கள். அந்த வில்லா பொய் என்று நான் சொல்ல வரவில்லை, இப்படி விளம்பரத்தில் வருபவற்றில் உண்மையான வீடுகளும் நிறைய உண்டு. ஆனால் வீடு உண்மையாக இருப்பது வேறு, உங்கள் 12 பேருக்கு அது பொருந்துவது வேறு. பணம் கைமாறும் வரைக்கும்தான் நீங்கள் கேட்கும் கேள்விக்கு நிதானமாகப் பதில் வரும். பாதிப் பணம் போன பிறகு கேட்டால் "வாங்க சார், எல்லாம் இருக்கு, பார்த்துக்கலாம்" என்பதோடு முடிந்துவிடும். அவசரப்படுத்துகிறவரிடம் "நாளைக்குச் சொல்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள். டிசம்பர் கடைசி வாரம் கிராக்கியான வாரம்தான், வீடு கைவிட்டுப் போகலாம், போனால் போகட்டும், மலை மேலே வேறு வீடு இருக்கிறது.

முதலில் அங்கே இந்த வீடுகள் எப்படி நடக்கின்றன என்று சொல்கிறேன், அது தெரிந்தால் மீதி எல்லாம் தானாகப் புரியும். ஏலகிரியில் வாடகைக்கு விடும் தனி வீடுகளில் நிறைய வீடுகளின் உரிமையாளர் சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பார். மேலே வீட்டைப் பார்த்துக்கொள்வது பக்கத்து ஊர்க்காரர் ஒருவரும் அவர் குடும்பமும். இவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு ஆள், புக்கிங் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவர். இன்ஸ்டாகிராமில் உங்களோடு பேசுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது ஆள்தான். அவர் பல வீடுகளின் படங்களைக் கையில் வைத்திருப்பார், ஒன்று இல்லையென்றால் இன்னொன்றைக் கொடுப்பார், அந்த வீட்டில் கீசர் வேலை செய்கிறதா என்பது அவருக்குத் தெரியாது. அதனால் நான் சொல்லும் முக்கியமான ஒரே யோசனை: மேலே சாவி வைத்திருக்கும் கேர்டேக்கரோடு பேசாமல் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். "கேர்டேக்கர் நம்பர் கொடுங்க, வீட்டிலிருந்தே ஒரு வீடியோ கால் பண்ணச் சொல்லுங்க" என்று கேளுங்கள். நேர்மையாக வீடு விடுகிறவர் உடனே ஏற்பாடு செய்வார். அங்கே சிக்னல் இல்லை, கேர்டேக்கர் ஊருக்குப் போயிருக்கிறார், அட்வான்ஸ் வந்ததும் நம்பர் தருகிறோம் என்று சுற்றினால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

வீடியோ காலில் நீச்சல் குளத்தைக் காட்டச் சொல்லாதீர்கள், அதைத்தான் அவர்களே ஆசையாகக் காட்டுவார்கள். கேட்டிலிருந்து ஆரம்பித்து நடந்து வரச் சொல்லுங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல்படி வரை எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா, கீழ்த்தளத்தில் எத்தனை படுக்கையறை, அதை ஒட்டியே பாத்ரூம் இருக்கிறதா, அது வெஸ்டர்ன்தானா, குழாயைத் திறந்தால் தண்ணீர் எப்படி விழுகிறது. இவ்வளவையும் ஒரே ஓட்டத்தில் காட்டச் சொல்லுங்கள்.

நம்மிடம் சென்னைக்காரர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. வேலூரிலிருந்து ஏலகிரி ஏறக்குறைய 90 கிலோமீட்டர். ஆம்பூர், வாணியம்பாடி தாண்டி, திருப்பத்தூர் ரோட்டில் பொன்னேரியில் திரும்பினால் மலைப்பாதை, அதற்கு மேல் 14 கொண்டை ஊசி வளைவுகள். காலையில் டிபன் முடித்துக் கிளம்பினால் மூன்று நான்கு வீடுகளை நேரிலேயே பார்த்துவிட்டுச் சாயங்காலம் வீடு திரும்பலாம். 12 பேருக்கான இரண்டு நாள் செலவோடு ஒப்பிட்டால் ஒரு நாள் பெட்ரோல் ஒன்றுமே இல்லை. வேலூர் சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களைப் பாருங்கள். கொல்கத்தாவிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிற குடும்பங்கள், சமையல் வசதியுள்ள ரூமை வாரக்கணக்கில் எடுக்கிறவர்கள், மொழி தெரியாத ஊரில்கூட ரூமைத் திறந்து பார்த்து, குழாயைத் திருகி, அடுப்பு எங்கே வைப்பது என்று கேட்டுவிட்டுத்தான் பணத்தை எடுக்கிறார்கள். இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு நாம் படத்தைப் பார்த்துப் பணம் அனுப்புவது நியாயமே இல்லை.

சரி, எங்கே தேடுவது. இன்ஸ்டாகிராமைப் படம் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தேடலை கூகுள் மேப்பில் ஆரம்பியுங்கள். ஏலகிரி வரைபடத்தைப் பெரிதாக்கி வைத்து ஹோம்ஸ்டே, வில்லா, காட்டேஜ் என்று தேடினால் வீடுகள் இடத்தோடு வரும். ஒவ்வொன்றிலும் விமர்சனங்களைப் புதியது முதலில் என்று வரிசைப்படுத்தி, ஒன்று இரண்டு நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதை முதலில் படியுங்கள். "சூப்பர் பிளேஸ், மஸ்ட் விசிட்" என்ற ஐந்து நட்சத்திரத்தால் உங்களுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. "இரவு 9 மணிக்கு மேல் தண்ணீர் நின்றது" என்று ஒருவர் எழுதியிருந்தால் அதுதான் தகவல். அதேபோல உரிமையாளர் போட்ட படங்களை விட்டுவிட்டு, தங்கியவர்கள் போட்ட படங்களைப் பாருங்கள். பாத்ரூம் கதவின் அடிப்பகுதி, மெத்தையின் ஓரம், அடுக்களை மேடை எல்லாம் அதில்தான் தெரியும். சந்தேகமாக இருக்கும் படத்தை கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். அதே குளம் வேறு ஊர் பெயரில், வேறு மாநிலத்து ரிசார்ட் என்று வந்தால் பதில் கிடைத்துவிட்டது.

அதே நேரத்தில் ஏர்பிஎன்பி, மேக்மைட்ரிப் போன்ற ஆப்களிலும் தேடுங்கள், வீட்டுப் பெயர் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஏர்பிஎன்பியில் பதிவு முடிந்த பிறகுதான் சரியான முகவரி தெரியும், அதற்கு முன் வரைபடத்தில் தோராயமான இடம்தான் காட்டும். இது ஒரு குறை. ஆனால் அங்கே விமர்சனம் எழுதுவது அந்த ஆப் வழியாகப் பதிவு செய்து தங்கியவர் மட்டும்தான், அது ஒரு பெரிய நிறை. அரசு தங்குமிடம் வேண்டுமென்றால் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ஓட்டல் தமிழ்நாடு ஏலகிரியிலும் இருக்கிறது. தனி வீடு போல இருக்காது, அறை அறையாகத்தான் எடுக்க வேண்டும், ஆனால் பணம் எங்கே போகிறது என்ற கவலை கிடையாது. உங்கள் தேதிக்கு வீடு சரியாக அமையவில்லை என்றால் அடுத்த வழியாக மனதில் வையுங்கள்.

ஏலகிரி என்பது ஒரே ஊர் இல்லை, 14 கிராமங்கள் சேர்ந்த மலை. உயரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,100 மீட்டர். புங்கனூர் ஏரி, பூங்கா, கடைகள், சாப்பாட்டு இடங்கள் பெரும்பாலும் அத்தனாவூரை ஒட்டித்தான். நிலாவூர், மங்களம் பக்கம் போனால் அமைதி அதிகம், கடை குறைவு. இளவட்டங்கள் மட்டும் போனால் உள்ளே தள்ளி எடுங்கள் என்பேன். உங்கள் கூட்டத்தில் அப்பாவும் மாமியாரும் சின்னக் குழந்தைகளும் இருக்கிறார்கள். ராத்திரி ஒரு ஜுர மருந்தோ பால் பாக்கெட்டோ வேண்டுமென்றால் ஓடி வாங்குகிற தூரத்தில் இருக்க வேண்டும். அதனால் அத்தனாவூருக்கு அருகிலேயே பாருங்கள். மேலே கடைகள் சீக்கிரம் மூடிவிடும். அப்பா தினமும் சாப்பிடும் மாத்திரைகளை இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

இப்போது வீட்டுக்குள் வருவோம். "12 பேர் தங்கலாம்" என்று போட்டிருந்தால் 12 பேருக்குக் கட்டில் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. மூன்று அறை, மூன்று டபுள் காட், மீதி ஆறு பேருக்கு ஹாலில் மெத்தை. இதுதான் வழக்கமான கணக்கு. பசங்களுக்கு அது கொண்டாட்டம், அப்பாவுக்கு அது தண்டனை. எத்தனை கட்டில், எத்தனை எக்ஸ்ட்ரா மெத்தை, ஒவ்வொரு மெத்தைக்கும் தலையணை போர்வை உண்டா, எக்ஸ்ட்ரா ஆளுக்குத் தனிக் கட்டணமா, குழந்தைகளை ஆள் கணக்கில் சேர்ப்பார்களா என்று தனித்தனியாகக் கேளுங்கள். டிசம்பரில் ராத்திரி நன்றாகக் குளிரும், தரையில் ஒரு பெட்ஷீட்டோடு படுக்க முடியாது. போர்வை எண்ணிக்கையை விடாப்பிடியாகக் கேளுங்கள், இல்லையென்றால் வீட்டிலிருந்தே நான்கு ஜமக்காளம் எடுத்துப் போங்கள்.

வெந்நீர் விஷயத்தை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் குளிர்காலத்தில் கூட்டமாகத் தங்கும் வீட்டில் காலையில் சண்டை வருவது பெரும்பாலும் இதனால்தான். சாதாரண 15 லிட்டர் கீசர், 2 கிலோவாட், மலைத் தண்ணீரைக் கொதிக்கும் அளவுக்கு இல்லாமல் நல்ல சூடாக்கவே 20 நிமிடம் போல எடுக்கும். அதில் பச்சைத் தண்ணீர் கலந்தால் இரண்டு பக்கெட் கிடைக்கும், அதாவது இரண்டு பேர். 12 பேருக்கு ஒரே கீசர் என்றால் இரண்டு மணி நேரம் ஓடும். காலையில் ஏலகிரியில் இருக்கும் சுவாமிமலைச் சிகரம் ஏறலாம் என்று திட்டம் போட்டிருந்தால் அது மத்தியானத்துக்குத் தள்ளிப்போகும். ஆகவே எத்தனை பாத்ரூம் என்பதோடு நிறுத்தாமல் எத்தனை பாத்ரூமில் கீசர், எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். சில வீடுகளில் சோலார் ஹீட்டர் மட்டும்தான். மூடுபனியும் மேகமும் இருக்கும் நாளில் அதை நம்ப முடியாது. "பவர்கட் ஆனா இன்வெர்ட்டர் இருக்கு சார்" என்பார்கள், இன்வெர்ட்டரில் லைட்டும் ஃபேனும்தான் ஓடும், கீசர் ஓடாது. ஜெனரேட்டர் இருக்கிறதா, அதற்கு டீசல் காசு தனியா என்பதையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். விறகடுப்பில் ஒரு அண்டா வெந்நீர் போட்டுக் கொடுக்கும் கேர்டேக்கர் கிடைத்தால் அந்த வீட்டை எடுங்கள், எனக்கு அப்படிப்பட்ட வீடுதான் பிடிக்கும்.

தண்ணீர் டிசம்பரில் பெரிய பிரச்சினையாக இருக்காது. இதையே ஏப்ரல், மே மாதத்தில் கேட்டிருந்தால் போர் தண்ணீரா, லாரித் தண்ணீரா, சம்ப் எத்தனை லிட்டர் என்று தனியாக எழுதியிருப்பேன். அந்த மாதங்களில் பகலில் வெயிலும் நன்றாகவே அடிக்கும். ஊட்டி குளிரை எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவது அப்போதுதான்.

நீச்சல் குளம். உங்களை இழுத்ததே அதுதான் என்று தெரிகிறது, ஆனால் ஐந்து வயதுக்குள் இரண்டு குழந்தைகளோடு போகிறவர் என்றால் நான் குளம் இல்லாத வீட்டைத்தான் முதலில் தேடுவேன். பெரியவர்கள் சமையலிலும் பேச்சிலும் இருக்கும்போது குழந்தை எந்தப் பக்கம் நடந்தது என்று யாருக்கும் தெரியாது, தண்ணீரில் விழும் குழந்தை சத்தம் போடாது. குளம் வேண்டும் என்றே முடிவு செய்தால், சுற்றிலும் வேலி அல்லது பூட்டக்கூடிய கேட் இருக்கிறதா, ஆழம் எவ்வளவு, இரவில் அந்தப் பக்கம் விளக்கு உண்டா என்று கேளுங்கள். வேலி இல்லாத குளத்தை அந்த வயதுக் குழந்தைகளோடு எடுக்கவே எடுக்காதீர்கள், எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும். இன்னொன்று, "பிரைவேட் பூல்" என்று போட்டிருக்கும், போய்ப் பார்த்தால் ஒரே காம்பவுண்டில் மூன்று காட்டேஜ், மூன்றுக்கும் சேர்த்து ஒரு குளம். காம்பவுண்டில் வேறு யாராவது தங்குவார்களா, குடும்பம் மட்டும்தானா, பேச்சிலர் கூட்டத்துக்கும் விடுவார்களா என்று நேராகவே கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

வண்டி. 12 பேர் என்றால் டெம்போ டிராவலர் எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். அது கேட் வரை வருமா, திருப்ப இடம் உண்டா என்று கேர்டேக்கரிடம் கேளுங்கள், ஏனென்றால் உள் ரோடுகள் சில இடங்களில் கார் மட்டும் போகும் அகலம்தான். டிரைவர் எங்கே படுப்பார், எங்கே குளிப்பார் என்பதையும் பதிவு செய்யும்போதே பேசிவிடுங்கள். இரண்டு ராத்திரி குளிரில் அவர் வண்டி சீட்டிலேயே சுருண்டு படுத்துவிட்டு, மூன்றாம் நாள் உங்கள் குடும்பத்தை 14 வளைவு இறக்கிக் கொண்டுவருவது சரியில்லை. டிரைவர் ரூம் இல்லாத வீடு என்றால் பக்கத்தில் ஒரு சின்ன அறை எடுத்துக் கொடுங்கள். அக்கா குடும்பம் காரில் வந்தால் கிருஷ்ணகிரி, பர்கூர், நாட்றம்பள்ளி வழி, ரயிலில் வந்தால் ஜோலார்பேட்டையில் இறங்கலாம். எல்லாரும் இருட்டுவதற்கு முன் மேலே ஏறிவிடுவது நல்லது. வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்கள், கடையேழு வள்ளல்கள் பெயர் வைத்திருக்கிறார்கள், பெரிய பிள்ளைகளை அந்தப் பலகைகளைப் படித்துக்கொண்டே வரச் சொன்னால் வாந்தி நினைப்பு கொஞ்சம் மறக்கும்.

சாப்பாடு மூன்று விதமாக நடக்கும்: கேர்டேக்கர் குடும்பம் சமைத்துக் கொடுப்பது, நீங்களே சமைப்பது, வெளியே வாங்குவது. வயதானவர்கள் இருக்கும் கூட்டத்துக்கு முதல் வழிதான் நல்லது, ஆனால் தலைக்கு எவ்வளவு, என்னென்ன வரும், அசைவம் வேண்டுமென்றால் எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், சாமான் நாம் வாங்கிக் கொடுத்துச் சமையல் கூலி மட்டும் கொடுக்கலாமா என்று முன்னாடியே பேச வேண்டும். நீங்களே சமைப்பதென்றால் "கிச்சன் இருக்கு" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். சிலிண்டர் இருக்கிறதா, அதற்குத் தனிக் காசா, 12 பேருக்குச் சோறு வடிக்கும் அளவு பாத்திரம் உண்டா, மிக்ஸி உண்டா, பிரிட்ஜ் ஓடுகிறதா. பல வீடுகளில் கிச்சன் என்பது ஒரு இண்டக்ஷன் அடுப்பும் நான்கு டம்ளரும்தான். முதல் நாள் மத்தியானத்துக்கு எப்படியும் ஆம்பூரில் பிரியாணி கட்டிக்கொண்டு போய்விடுங்கள். அறை கொடுப்பதே 12 மணி, 1 மணிக்குத்தான், அதற்கு மேல் அடுப்பு பற்றவைத்துக் குழந்தைகளைக் காக்க வைக்க முடியாது.

விலைக்கு வருகிறேன். முழு வீட்டுக்கு எவ்வளவு என்றுதான் கேளுங்கள், தலைக்கு எவ்வளவு என்று பேச ஆரம்பித்தால் குழந்தை, டிரைவர், எக்ஸ்ட்ரா மெத்தை என்று ஒவ்வொன்றாக ஏறும். ஆப்பில் காட்டும் தொகையும் நேரில் சொல்லும் தொகையும் வித்தியாசப்படுவதற்கு ஒரு காரணம் ஆப்பின் கட்டணம், இன்னொன்று ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு நாளைக்கு ஒரு யூனிட் (ஓர் அறையோ, மொத்தமாக விடும் வீடோ) வாடகை 7,500 ரூபாய் வரை என்றால் 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். முழு வில்லாவை ஒரே யூனிட்டாகப் போட்டிருந்தால் சுலபமாக 18-இல் போய் நிற்கும். ஆண்டு வருமானம் 20 லட்சத்துக்குள் இருக்கும் சின்ன உரிமையாளர் ஜிஎஸ்டி பதிவு செய்ய வேண்டியதில்லை, ஆனால் ஆப் வழியாக விட்டால் அந்த வரியை ஆப்பே வாங்கிக் கட்ட வேண்டும். அதனால் நேரில் வரி இல்லாமல் சொல்வதெல்லாம் திருட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். அதே சமயம் நேரில் பேசும்போது ஒருவர் "ஜிஎஸ்டி எக்ஸ்ட்ரா" என்று வாங்கினால், 15 இலக்க ஜிஎஸ்டி எண் போட்ட பில் கேளுங்கள். பில் இல்லையென்றால் வரியும் இல்லை.

ஆப்பா, நேரிலா? முதல் முறை போகும் வீடு, நேரில் பார்க்கவும் முடியவில்லை என்றால், கொஞ்சம் கூடுதலானாலும் ஆப் வழியாகவே போங்கள். ஏர்பிஎன்பியில் நீங்கள் கட்டும் பணம் உடனே வீட்டுக்காரருக்குப் போகாது, நீங்கள் போய் இறங்கி ஏறக்குறைய 24 மணி நேரம் கழித்துத்தான் விடுவிப்பார்கள். சொன்னதற்கு மாறாக வீடு இருந்தால் கண்டுபிடித்த 72 மணி நேரத்துக்குள் படத்தோடு புகார் கொடுக்கலாம். ரத்து விதி வீட்டுக்கு வீடு மாறும், ‘ஃப்ளெக்சிபிள்’ என்றால் ஒரு நாள் முன்பு வரை, ‘மாடரேட்’ என்றால் 5 நாள் முன்பு வரை முழுப் பணம் திரும்பும். ‘ஸ்ட்ரிக்ட்’ என்று இருந்தால் வயதானவர்களோடு போகும் நீங்கள் யோசியுங்கள், ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால்கூடப் பயணமே மாறும். ஆப்பில் பேசிக்கொண்டிருக்கும்போதே "வெளியே வாங்க, கம்மி பண்ணித் தரேன்" என்பவரின் பேச்சைக் கேட்டு அங்கிருந்து பணத்தை வெளியே அனுப்பினால் மேலே சொன்ன எந்தப் பாதுகாப்பும் உங்களுக்கு இல்லை. நேரில் பார்த்த வீடு, பேசிப் பழகிய கேர்டேக்கர் என்றால் தாராளமாக நேரடியாகப் பேசுங்கள், அங்கே பேரம் பேசவும் இடமுண்டு.

நேரடியாகக் கொடுக்கும்போது பாதிப் பணம் கேட்டாலும் நாலில் ஒரு பங்கில் நிறுத்தப் பாருங்கள், மீதி சாவி வாங்கி வீட்டைச் சுற்றிப் பார்த்த பிறகு. யுபிஐயில் அனுப்பும் முன் திரையில் வங்கிக் கணக்குப் பெயர் வரும், அது உரிமையாளர் அல்லது வீட்டின் பெயரோடு பொருந்த வேண்டும். "என் மச்சான் நம்பர்", "ஆபீஸ் அக்கவுண்ட் வேற" என்றால் நிறுத்துங்கள். ‘ரீஃபண்ட் அனுப்புகிறோம், பின் நம்பரைப் போடுங்கள்’ என்று யாராவது சொன்னால் அது மோசடி, நம் கணக்குக்குப் பணம் வர பின் நம்பர் தேவையே இல்லை. தங்குமிடப் பதிவு என்ற பெயரில் போலி இணையதளம், போலி வாட்ஸப் கணக்கு, கூகுளில் போலி விளம்பரம் என்று நடக்கும் ஏமாற்று வேலைகளைப் பற்றி 2025 ஏப்ரலில் மத்திய உள்துறையின் சைபர் குற்றத் தடுப்பு மையமே எச்சரிக்கை விட்டது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் வங்கியில் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு. வீடு சொன்னபடி இல்லை, பணம் திருப்பித் தர மறுக்கிறார் என்ற வகைப் புகாருக்கு நுகர்வோர் உதவி எண் 1915.

பேசி முடித்ததும் எல்லாவற்றையும் ஒரே வாட்ஸப் செய்தியாக நீங்களே எழுதி அனுப்புங்கள், அவர் எழுதட்டும் என்று காத்திருக்காதீர்கள். இப்படி: "வணக்கம் சார். இன்ன தேதி மதியம் 12 மணி முதல் இன்ன தேதி காலை 11 மணி வரை, 2 இரவு, பெரியவர்கள் 10, குழந்தைகள் 2. முழு வீடும் எங்களுக்கு மட்டும். 4 கட்டில், 4 எக்ஸ்ட்ரா மெத்தை போர்வையோடு. 3 பாத்ரூம், மூன்றிலும் கீசர். கேஸ் அடுப்பு, பாத்திரம் உண்டு. டிரைவருக்கு இடம் உண்டு. மொத்தம் இவ்வளவு, இதற்கு மேல் எந்தக் கட்டணமும் இல்லை. அட்வான்ஸ் இவ்வளவு, மீதி வந்ததும். 7 நாள் முன்பு ரத்து செய்தால் அட்வான்ஸ் முழுதும் திரும்பும். சரி என்றால் பதில் போடுங்கள், உடனே அனுப்புகிறேன்." அவர் "ஓகே" என்று பதில் போட்ட பிறகு பணம். இது வக்கீல் பத்திரம் இல்லைதான், ஆனால் அங்கே போய் "கீசர் ஒண்ணுதான் சார் இருக்கு" என்று கேர்டேக்கர் கையை விரிக்கும்போது எடுத்துக் காட்ட ஒன்று இருக்கும். எழுத்தில் வந்துவிட்டது என்று தெரிந்தாலே பாதி வீட்டுக்காரர்கள் முதல் நாளே ஆளை அனுப்பிச் சரிபார்த்துவிடுவார்கள்.

அடையாள அட்டை கேட்பார்கள், அது நியாயம்தான். வாட்ஸப்பில் ஆதார் அனுப்புவதாக இருந்தால் கடைசி நான்கு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரை ஆதார் இணையதளத்தில் இறக்கி அனுப்புங்கள், எல்லார் ஆதாரையும் முழுதாக அனுப்ப வேண்டாம். தம்பி குடும்பத்தில் யாராவது அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருந்தால் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் தங்கினால் வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை அரசிடம் ஆன்லைனில் பதிய வேண்டும். சின்ன வீடுகளில் இந்த ஏற்பாடு இருக்காது, ராத்திரி வாசலில் வைத்து "ஃபாரின் பாஸ்போர்ட்னா முடியாது சார்" என்று சொல்லிவிட்டால் தர்மசங்கடம்.

தேதியில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். பெங்களூரிலிருந்து ஏலகிரி சுமார் 160 கிலோமீட்டர்தான், சென்னையைவிடப் பக்கம். அதனால் நம் ஊர் காலண்டரை மட்டும் பார்த்தால் போதாது, கர்நாடக விடுமுறைகளையும் பார்க்க வேண்டும். கிறிஸ்துமஸிலிருந்து புத்தாண்டு வரை இரண்டு பக்கத்துக் கூட்டமும் சேரும். டிசம்பர் 31 இரவு பல இடங்களில் டின்னர், நிகழ்ச்சி என்று கட்டாய பேக்கேஜாகத்தான் விற்பார்கள், பெரியவர்களோடு போகிறவர்களுக்கு அது தேவையில்லாத செலவும் சத்தமும். உங்கள் விடுமுறைக்குள் சனி, ஞாயிறு இல்லாத இரண்டு இரவுகளை எடுங்கள், 31-ஐத் தவிருங்கள். ஊட்டி, கொடைக்கானலுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் வாங்க வேண்டும் என்பதால் கடைசி நேரத்தில் ஏலகிரிப் பக்கம் திரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், ஏலகிரிக்கு அந்தப் பாஸ் கிடையாது. ஆகவே டிசம்பர் வரை தள்ளிப் போடாமல் தீபாவளி முடிந்ததும் ஒரு நாள் மேலே போய்ப் பார்த்துப் பேசி முடியுங்கள்.

போன பிறகு: சாவி வாங்கியதும், சாமானை இறக்குவதற்கு முன்னால், ஒவ்வொரு அறையையும் கைப்பேசியில் வீடியோ எடுங்கள். உடைந்த கண்ணாடி, கறை பட்ட மெத்தை, ஆடும் குழாய் எல்லாம் அதில் வரட்டும். டெபாசிட் வாங்கியிருந்தால் கிளம்பும் அன்று அதைக் கழிக்க வைக்கும் சண்டை இதனால் வராது. கீசரையும் அடுப்பையும் அப்போதே போட்டுப் பாருங்கள். குறை இருந்தால் கேர்டேக்கரிடம் சொல்லி, அதே வாட்ஸப்பில் உரிமையாளருக்கும் படத்தோடு போடுங்கள், மீதிப் பணத்தைக் குறை சரியான பிறகு கொடுங்கள். குரங்குகள் வரும், ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். சுற்றிலும் மலைவாழ் மக்கள் குடியிருக்கும் ஊர்கள் அவை, காலையில் சீக்கிரம் எழுந்து நிலத்துக்குப் போகிறவர்கள். இரவு 10 மணிக்கு மேல் ஸ்பீக்கர் வைக்கச் சட்டமே இடம் கொடுக்காது, பசங்களிடம் முன்பே சொல்லி வையுங்கள். பிளாஸ்டிக் தட்டு, பாட்டில் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டிக் கீழே கொண்டுவந்துவிடுங்கள், மேலே அதை எடுத்துப் போக ஆள் போதாது.

கிளம்பும்போது கேர்டேக்கர் குடும்பத்துக்கு உங்களால் முடிந்ததைக் கையில் கொடுத்துவிட்டு அவர் நம்பரைப் பெயரோடு சேமித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை கமிஷன் ஆள் யாரும் நடுவில் வேண்டியிருக்காது. இன்ஸ்டாகிராம் வில்லாக்காரரிடம் இன்றைக்கே கேர்டேக்கர் நம்பரும் வீடியோ காலும் கேட்டுப் பாருங்கள், என்ன பதில் வந்தது என்று இங்கே போடுங்கள். வீட்டுப் பெயர் தெரிந்தால் அது எந்தப் பக்கம், டிராவலர் போகுமா என்பதை விசாரித்துச் சொல்கிறேன்.